லேபிள் ஒட்டிய பூ

அது சிவப்பு என்பேன் நான்.
சாம்பல் பூத்த நீலம் என்பான் மாதேசு.
முப்பத்தோரு வருடமாக
ஓசூரிலிருந்து அவன் வரும் தீபாவளிகளில்
பட்சணம் தீர்வதற்குள் இந்தச் சண்டை வந்துவிடும்.

பார்த்தது ஒரே புதர். அதில் வழக்கில்லை.
ஏற்காட்டு மலையின் ஒன்பதாவது கொண்டை ஊசியில்
அப்பாவின் லாரி கொதித்து நின்றது.
பின்சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்துவிட்டு
டின்னோடு அவர் ஓடைக்கு இறங்கினார்.
எனக்கு ஏழு வயது, அவனுக்கு ஐந்து.
எங்கள் தோளுயரத்துக்கு மேல் அது நின்றது.
இலையைத் தடவினால் பூனை நாக்கு.
இதுவரை இரண்டு பேரும் ஒத்துப்போவோம்.

அப்பா விசிலடித்துக்கொண்டு ஏறி வந்தார் என்பேன்.
அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்பான்.
நிறத்தைப் போலவே
அதையும் நான் நம்பியதில்லை.

பெயர் கேட்டு அலைந்தேன்.
நர்சரியில் இட்லிப் பூ என்றார்கள். இல்லை.
துத்தியா, என்றாள் கூட வேலை பார்க்கும் பரிமளம்.
துத்தி மஞ்சள்.
சிவப்பு, வாய் பிளந்திருக்கும், நாக்கு வெளியே நீளும்,
கழுத்து ஒடிந்தாற்போல் சாயும் என்று நான் சொல்லச் சொல்ல
வனத்துறை அலுவலக எழுத்தர்
பேனாவை மூடி வைத்துவிட்டார்:
"நீங்க சொல்றது செடி இல்லீங்க, சேவல்."

ஆவணியில் ஒரு ஞாயிறு, மழை விட்ட காலை.
நடுவழியில் இறக்கிவிட்டதற்குக் கண்டக்டர் முணுமுணுத்தார்.
குரங்குகள் என் பையைப் பார்த்தன.
நான் இலைகளைத் தடவிக்கொண்டே நடந்தேன்,
வழவழப்பு, வழவழப்பு, முள்,
பிறகு
பூனை நாக்கு.

சிவப்புதான்! செங்கல்லை நனைத்த சிவப்பு.
படம் எடுத்து அனுப்பப் போனவள்
அதே காம்படியில் இன்னொன்றைப் பார்த்தேன்.
தொங்கிய பூ.
சாம்பல் பூத்த நீலம்.

பதினாறு வருடமாக நான் பார்ப்பது ரத்தம்,
ஃபேர்லேண்ட்ஸில் ஒரு லேபில்.
பழைய மாதிரியைப் புதிய மாதிரியோடு வைத்துக் குழம்பினால்
வேலை போய்விடும்.
பையில் கிடந்த லேபிளைக் கிழித்து
தேதி, மணி 11.40 எழுதி
இருந்ததிலேயே சிவந்த பூவின் காம்பில் சுற்றினேன்.
நோயாளி பெயர் என்ற கட்டம் காலி.

மறுநாள் அரைநாள் விடுப்பு.
காரணம் கேட்ட டாக்டரிடம் பல்வலி என்றேன்.
லேபிள் அப்படியே இருந்தது.
பூ நிறம் மாறியிருந்தது.
பக்கத்தில் ஒரு தேன்சிட்டு
புதுச் சிவப்புகளை மட்டும் குத்திப் பார்த்துப் போனது.

இலைக்கடியில் பிஞ்சுகள்,
பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு.
போன வருடத்துக் காய் ஒன்று கறுத்துக் காய்ந்திருந்தது.
அதைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.
செவ்வாய்ப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில்
மகளின் வயிற்றுவலிக்கு நானே காசு கொடுத்து வாங்கி
சுட்டு, உரைத்து, நாக்கில் தடவிய காய்.
வலம்புரி.
ஊரெல்லாம் தேடிய பெயர்
ஒன்பது வருடமாக என் அடுப்படி டப்பாவில்.

லாரி ஏறியது சனிக்கிழமை.
இறங்கியது ஞாயிற்றுக்கிழமை.
இறங்கும்போதும் அதே இடத்தில் நின்றதாம்,
நான் தூங்கிவிட்டேனாம்.
அதையும் மாதேசு சொல்லியிருக்கிறான்.
அன்று இன்ஜின் கொதிக்கவில்லையாம்.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி
அப்பா வெகுநேரம் இருந்தாராம்.
இவன் ஜன்னல் வழியே பூவை எண்ணிக்கொண்டிருந்தானாம்.

பாறை ஈரமாக இருந்தது.
இருந்தாலும் உட்கார்ந்தேன்.

இரண்டு படங்களையும் அனுப்பினேன், லேபிளோடு.
எழுதுகிறான் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி எழுதினான்.

"எந்த வளைவு?"

"ஒன்பது."

"பதினொண்ணுக்கா."